ஐசிக்குள் இருக்கும் இன்னொரு கணக்கு

கேள்வி:

நான் பெஸ்தாரி ஜெயாவில், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் ஒரு தாமானில் வசிக்கிறேன். எங்களுக்கு அது இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான். வயது 54. பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். விடியற்காலையில் பஸ் பிடித்துச் சுங்கை பூலோ வந்து, அங்கிருந்து ரயிலில் போகிறேன். இரண்டுக்கும் ஒரே டச் அண்ட் கோ கார்டுதான். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வழக்கம்போல் பர்ஸை வைத்தேன், கேட் திறந்தது. இறங்கும் நிலையத்தில் பர்ஸை வைத்தால் திறக்கவில்லை. கார்டை வெளியே எடுத்து வைத்தும் திறக்கவில்லை. கவுண்டரில் இருந்த இளைஞர், "இந்தக் கார்டில் நீங்கள் உள்ளே வந்த பதிவே இல்லை. கேட்டைத் தாண்டி வந்தீர்களா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். 20 வெள்ளி சமான் கட்டிய பிறகுதான் வெளியே விட்டார்கள்.

அதே வாரத்தில் மகன் தன் கைப்பேசியில் 30 வெள்ளி ரீலோட் செய்தான். மறுநாள் பஸ்ஸில் வைத்தால் பணம் போதாது என்கிறது. ரொக்கம் வாங்குவதில்லை என்று டிரைவர் இறக்கிவிட்டார். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அரைநாள் சம்பளம் போயிருந்தது. கார்டு கெட்டுப் போய்விட்டது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்கிறான் மகன். என் கணவர் இருந்த காலத்தில் என் அடையாள அட்டையான ஐசியில்கூடப் பணம் போட்டு டோலுக்குப் பயன்படுத்துவோம். அப்போதெல்லாம் இந்தத் தொல்லை இருந்ததில்லை. கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா? யாருக்கு எழுத வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் வரும் ரயில், பஸ் நிறுவனங்களின் பெயர்களை நீக்கிவிட்டேன். அவர்கள் தரப்பைக் கேட்காமல் பெயரை வெளியிடுவது முறையாகாது என்பது ஒரு காரணம். உங்களுக்கு நடந்தது எந்த ரயிலிலும் எந்தப் பஸ்ஸிலும் நடக்கக்கூடியது என்பது மற்றொரு காரணம். நுகர்வோர் ஆலோசனைக்கு வருவதற்கு முன் பல ஆண்டுகள் கட்டண வாயில்களைப் பழுதுபார்க்கும் பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: செவ்வாய்க்கிழமை நடந்ததற்கும் பஸ்ஸில் நடந்ததற்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. இரண்டையும் ஒரே புகாராக எழுதினால், இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்டிவிட்டு உங்களை அலையவிடும்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஐசியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் பிடித்துக்கொண்டது அந்த வரியைத்தான். டச் அண்ட் கோ 1997இல் நெடுஞ்சாலை டோலுக்காகத் தொடங்கப்பட்ட கார்டு. 2001இல் மைகாட் வந்த பிறகு அந்த அடையாள அட்டைக்குள்ளும் அதே பணப்பைக்கு இடம் கொடுக்கப்பட்டது. நீங்கள் டோலுக்காகப் போட்ட பணத்தில் மிச்சம் இருந்தால், நீங்கள் மறந்துவிட்டாலும் உங்கள் ஐசி அதை மறந்திருக்காது. பர்ஸில் ஐசியும் கார்டும் முன்னும் பின்னுமாக இருக்கின்றன அல்லவா? அப்படியானால் காலையில் கேட்டைத் திறந்தது கார்டு அல்ல, ஐசிதான் என்பது என் ஊகம்.

இந்தக் கார்டுகளுக்குள் பேட்டரி கிடையாது. வாயிலில் இருக்கும் ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு சிறு மின்காந்தப் புலத்தை எழுப்புகிறது. அந்தப் புலத்துக்குள் வரும் கார்டு அதிலிருந்தே மின்சாரம் பெற்று விழித்துக்கொண்டு, தன் எண்ணையும் இருப்பையும் சொல்லி, ரீடர் எழுதச் சொல்வதை எழுதிக்கொண்டு மறுபடியும் தூங்கிவிடுகிறது. இவ்வளவும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். ஒரே பர்ஸில் இரண்டு கார்டுகள் இருந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் விழித்துக்கொள்கின்றன. ரீடர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், குழப்பமாக இருக்கிறது என்று இரண்டையும் மறுத்துவிடலாம். எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது பர்ஸைப் பிடித்த கோணத்தையும், எந்தக் கார்டு ரீடருக்கு அருகில் இருந்தது என்பதையும் பொறுத்தது. நூறு நாள் சரியாக நடந்துவிட்டு நூற்றோராவது நாள் மாறிப்போவதற்கும் அதுவே காரணம். வங்கி டெபிட் கார்டுகளில் சிலவற்றிலும் டச் அண்ட் கோ சின்னம் இருக்கலாம். அப்படி ஒன்று உங்கள் பர்ஸில் இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. விடியற்காலையில் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், நின்று பெயர் கொடுத்தவரின் ரப்பர் பால்தான் ஸ்டோரில் நிறுக்கப்பட்டுக் கிராணியின் (கணக்கரின்) செக்ரோல் என்ற பதிவேட்டில் ஏறும். காலையில் அக்காவின் பெயரில் நின்றுவிட்டு, நிறுக்கும் நேரத்தில் தங்கையின் பெயரைச் சொன்னால் என்ன ஆகும்? அக்கா வேலைக்கு வந்து பாதியில் ஓடிவிட்டவர் ஆவார், தங்கை அழைக்காமல் வந்தவர் ஆவார். ஒரே ஆள் நாள் முழுவதும் உழைத்திருந்தும் புத்தகத்தில் இரண்டு தவறுகள் பதிவாகும். உங்களுக்கு நேர்ந்ததும் அதுதான் என்றால், கவுண்டர் இளைஞர் பார்த்த திரை பொய் சொல்லவில்லை. தங்கையின் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இதில் நீங்கள் அவசரமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஐசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை நுழைவு இன்னும் மூடப்படாமல் திறந்தே கிடக்கலாம். அப்படி இருந்தால், அடுத்த முறை ஐசி தவறுதலாக ரீடரில் பட்டதும் முந்தைய பயணத்தை முடிக்கவில்லை என்று வாயில் மறுபடியும் உங்களைத் தடுக்கும், மறுபடியும் ஒரு தண்டம் கேட்கப்படும். எனவே இந்த வாரமே நிலையத்தின் கவுண்டருக்குப் போய், ஐசியை மட்டும் கொடுத்து, கடைசிப் பதிவுகளைப் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். கூட்ட நேரத்தில் போக வேண்டாம். காலை பத்து மணிக்கு மேல் போனால் ஊழியருக்கும் பொறுமை இருக்கும். திறந்த பதிவு இருந்தால் அதை மூடச் சொல்வதற்கு முன் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள், அல்லது பதிவை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். ஆதாரம் கையில் வராமல் பதிவை மூடிவிட்டால் உங்கள் புகாரின் முதுகெலும்பே போய்விடும்.

ஐசியில் அப்படி எதுவும் இல்லை என்றால் வேறு இரண்டு வழிகளில் இது நடந்திருக்கலாம். காலை நெரிசலில் அகலமான வாயிலை ஊழியரே திறந்து வைத்திருக்க, முன்னால் போனவரின் பின்னால் நீங்களும் நுழைந்திருக்கலாம். நீங்கள் பர்ஸை வைத்தது உண்மை, ஆனால் ரீடர் அதைப் படிக்கவில்லை. அல்லது எழுதி முடிப்பதற்குள் பர்ஸை எடுத்திருக்கலாம். இந்த இரண்டிலும் ஒலியும் பச்சை விளக்கும் நீங்கள் எதிர்பார்த்தபடி வந்திருக்காது, ஆனால் கேட் திறந்திருந்ததால் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். இதை நிரூபிப்பது கடினம். நுழைந்த நிலையத்தின் கேமராப் பதிவு ஒன்றுதான் வழி. அப்பதிவுகள் மேலெழுதப்பட்டு அழிந்துவிடும் என்பதால் ஒரு மாதம் கழித்துக் கேட்பதில் அதிகப் பயன் இருக்காது. இருந்தாலும் கடிதத்தில் ஒரு வரி கேட்டு வையுங்கள்.

இனி, அந்த அபராதம் நியாயமா என்ற கேள்விக்கு வருகிறேன். நுழைவுப் பதிவு இல்லாத பயணிக்குக் கூடுதலாக வசூலிக்கும் விதியைப் பல ஊர்களிலும் வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால், தொலைவிலிருந்து வந்தவர் அடுத்த நிலையத்திலிருந்து வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். விதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏமாற்ற நினைத்தவருக்கும் பர்ஸில் இரண்டு கார்டு வைத்திருந்தவருக்கும் ஒரே தொகையை, ஒரே குரலில் விதிப்பதை நான் ஏற்கவில்லை. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவருக்கு, மாதம் 26 வேலை நாள் என்று வைத்தால், ஒரு நாள் கூலி 65 வெள்ளி சொச்சம். 20 வெள்ளி என்பது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அலுவலகத்தில் உட்கார்ந்து கட்டணப் பட்டியல் தயாரித்தவருக்கு அது ஒரு மதியச் சாப்பாட்டுப் பணமாக இருக்கலாம்.

பணத்தைக் காட்டிலும் அந்த இளைஞர் கேட்ட கேள்விதான் உங்களை அதிகம் புண்படுத்தியிருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. அதைத் தனியாக, இரண்டு வரியில், நாள், நேரம், கவுண்டர் எண் குறிப்பிட்டு எழுதுங்கள். அபராதத் தொகையைப் பற்றிய பத்தியோடு கலந்துவிட்டால், கோபத்தில் எழுதிய கடிதம் என்று முழுவதையும் ஓரமாக வைத்துவிடுவார்கள். நான் பார்த்த புகார்களில் பாதி இப்படித்தான் வீணாயின.

ரயில் நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் மலாயில் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. மகனை எழுதச் சொல்லுங்கள், ஆனால் என்ன நடந்தது என்பதை நீங்களே சொல்லிச் சொல்லி எழுதவையுங்கள். முதல் பத்தியில் பயண நாள், ஏறிய நிலையம், இறங்கிய நிலையம், ஏறத்தாழ என்ன நேரம், கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண், சமான் ரசீதின் எண் ஆகியவை வர வேண்டும். இரண்டாம் பத்தியில், அன்று காலை நீங்கள் நுழைந்த பதிவு உங்கள் மைகாட்டில் இருக்கிறது என்பதையும், அதன் நகலை இணைத்திருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். மூன்றாம் பத்தியில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: எந்த விதியின்படி அபராதம் விதிக்கப்பட்டது என்பதன் எழுத்து விளக்கம், அந்த அபராதத்தில் உண்மையான பயணக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருதல். முழு 20 வெள்ளியையும் கேட்காதீர்கள். நீங்கள் பயணம் செய்தது உண்மை, அதற்கான கட்டணம் அவர்களுக்குச் சேர வேண்டியதே; அதை நீங்களே கழித்துக் காட்டினால், கடிதத்தைப் படிப்பவர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இன்படி, வணிக நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தரவைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. கார்டு உங்கள் பெயரில் பதிவு செய்யப்பட்டிருந்தால் பயணப் பதிவைக் கேட்கும்போது அந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிடுவதில் தவறில்லை. ரசீதைத் தொலைத்துவிட்டிருந்தால் கடிதம் பலவீனமாகும். ஆனாலும் எழுதுங்கள், கவுண்டரில் வாங்கிய பணத்துக்கு அவர்களிடமும் கணக்கு இருக்கும்.

பஸ்ஸில் நடந்தது வேறு கதை, அதில் உங்கள் பணம் எங்கும் போகவில்லை. மகனின் கைப்பேசியில் இருப்பது டச் அண்ட் கோ இ-வாலட்; உங்கள் கையில் இருப்பது கார்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே பை என்று பலரும் நினைக்கிறார்கள், படித்தவர்களும் நினைக்கிறார்கள். இ-வாலட்டின் பணம் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. கார்டின் பணம் கார்டின் சிப்புக்குள் எழுதப்பட்டிருக்கிறது. பஸ்ஸில் இருக்கும் ரீடர் கணினியைக் கேட்பதில்லை, சிப்பில் எழுதியிருப்பதை மட்டுமே படிக்கிறது. மகன் 30 வெள்ளியை வாலட்டில் போட்டிருப்பான். சிப்பில் அதை எழுத யாரும் இல்லை. டோலில் சில இடங்களில் கார்டைக் காட்டினால் வாலட்டிலிருந்து கழியும் வசதி இருப்பதால், காரோட்டும் பிள்ளைகள் பஸ்ஸிலும் அப்படித்தான் என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த வசதி பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இல்லை.

2022இல் விற்பனைக்கு வந்த என்எஃப்சி கார்டாக இருந்தால், வாலட்டில் பணம் சேர்ந்த பிறகு அந்தக் கார்டைக் கைப்பேசியின் முதுகில் ஒட்டிப் பிடித்துச் செயலியின் வழியாக மாற்ற வேண்டும். முதல் படியை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால் பணம் வாலட்டிலேயே நிற்கும். பழைய கார்டாக இருந்தால் இந்த வழியே கிடையாது; ரீலோட் செய்யும் இயந்திரத்திலோ கவுண்டரிலோ கடையிலோதான் பணம் போட வேண்டும், சில இடங்களில் அதற்கென்று சிறு கட்டணமும் வாங்குவார்கள். என்எஃப்சி கார்டில் அதற்கான அலைச் சின்னம் அச்சாகியிருக்கும், பாருங்கள். மகனின் வாலட்டைத் திறந்து பார்த்தால் அந்த 30 வெள்ளி அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன்; கடையில் கியூஆர் காட்டி அரிசி வாங்கிக்கொள்ளலாம். ஆகவே இதற்குப் புகார் எழுத வேண்டியதில்லை. ஆனால் இருட்டு விலகாத நேரத்தில், அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியாத ஒரு சாலையோரத்தில் 54 வயதுப் பெண்ணை இறக்கிவிட்டது சரியா என்று பஸ் நிறுவனத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அரைநாள் சம்பளத்தை அவர்களிடமிருந்து வாங்கித் தர முடியும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், ஏனென்றால் கார்டில் இருப்பு இல்லாமல் ஏறியதைச் சுட்டிக்காட்டுவார்கள்.

நிறுவனம் பதில் தராவிட்டால், அல்லது மறுத்துவிட்டால், அபராதத் தகராறும் கார்டுப் பணத் தகராறும் வெவ்வேறு வாசல்களுக்குப் போகும். ரயில், பஸ் சேவையைப் பற்றிய புகாரை 2019 முதல் ஆப்பாட் என்ற தரைப் பொதுப் போக்குவரத்து அரசு முகமை கவனிக்கிறது. திருப்பித் தர வேண்டிய தொகைக்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1999இன் கீழ் இயங்கும் நுகர்வோர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள், மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, நடந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். சில வெள்ளிக்காக அவ்வளவு தூரம் போவதா என்று நீங்கள் தயங்குவீர்கள். அந்தத் தயக்கம் நியாயமானதே, ஒரு நாள் விடுப்பு எடுத்தால் கேட்கும் பணத்தைவிட அதிகம் இழப்பீர்கள். மன்றத்துக்குப் போகக்கூடும் என்று கடிதத்தின் கடைசியில் அமைதியாக ஒரு வரி எழுதுவதே பெரும்பாலும் போதுமானது. கார்டுக்குள் இருந்த பணம் காணாமல் போனால் மட்டும் வழி வேறு: கார்டு வெளியிடும் நிறுவனங்கள் மின்பணம் வெளியிடுவோர் என்ற முறையில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் மேற்பார்வையில் இருக்கின்றன, அவர்களின் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால், 2025 தொடக்கத்திலிருந்து இயங்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பு) சேவையிடம் ஆறு மாதத்துக்குள் இலவசமாக முறையிடலாம். உங்களுக்கு இப்போது அது தேவைப்படாது.

மகன் சொல்வதுபோல் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் மிச்சமிருக்கும் வெள்ளி ஒரு புறம் இருக்க, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அது ஒரு சாட்சி. ரயில் செலவைக் குறைக்க மை50 பாஸ் வாங்கலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். 50 வெள்ளிக்கு 30 நாள், மலேசியக் குடிமக்களுக்கு நல்ல சலுகைதான். ஆனால் அது ரேப்பிட் கேஎல் பஸ்களுக்கும் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயிலுக்கும் உரியது, கேடிஎம் கொமுட்டர் என்ற புறநகர் ரயிலுக்குச் செல்லாது. சுங்கை பூலோவில் இரண்டு வகை ரயிலும் நிற்பதால், நீங்கள் எதில் ஏறுகிறீர்கள் என்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பாஸ் இருந்தாலும் நுழையும்போதும் வெளியேறும்போதும் அதே கார்டைத் தட்டியாக வேண்டும்.

பர்ஸை இனி ரீடரில் வைக்காதீர்கள். கழுத்தில் தொங்கவிடும் ஒரு பிளாஸ்டிக் உறையில் பயணக் கார்டை மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஐசியும் வங்கி அட்டையும் பையின் அடியில் இருக்கட்டும். கைப்பேசியின் உறைக்குள் செருகி வைப்பதும் வேண்டாம், கைப்பேசிக்கும் தனக்கென்று ஒரு ஆன்டெனா இருக்கிறது. கேட் ஏற்கெனவே திறந்து கிடந்தாலும், ஒலி கேட்டு, திரையில் மிச்சத் தொகையைப் பார்த்த பிறகே காலை எடுத்து வையுங்கள்.

ஐசியில் செவ்வாய்க்கிழமைப் பதிவு இருந்ததா இல்லையா என்பதை எனக்கு ஒரு வரி எழுதித் தெரிவியுங்கள். இருந்தால் மேலே சொன்னபடியே கடிதத்தை அனுப்புங்கள். இல்லாவிட்டால் அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டுங்கள். இரண்டாம் பத்தியை வேறு விதமாக எழுத வேண்டியிருக்கும்.